பின்தங்கும் பிள்ளையும் பினேயின் அளவுகோலும்

பாடசாலை இல்லாத ஊரில், படிப்பில் தவறிய பிள்ளை என்று ஒருவரும் இல்லை. கணக்கு ஏறாத சிறுவன் அங்கே மாடு மேய்ப்பான், வலை இழுப்பான், தந்தையின் பட்டறையில் துருத்தி ஊதுவான். அவனிடத்தில் ஒரு குறை உண்டென்பதை அவனும் அறியான், ஊராரும் அறியார். எல்லாப் பிள்ளைகளும் பாடசாலைக்கு வந்தே தீரல் வேண்டும் என்று சட்டம் பிறந்த பின்னரே, வந்தும் கல்லாத பிள்ளை என்னும் ஒரு வகை உலகின் கண்ணுக்குப் புலனாயிற்று.

பிரான்சு தேசத்தில் அச்சட்டம் 1882ஆம் ஆண்டில் வந்தது. முந்திய ஆண்டில் ஆரம்பப் பாடசாலைக் கட்டணத்தை ஒழித்த கல்வி மந்திரி ஜூல் ஃபெரி, 6 வயது முதல் 13 வயது வரையுள்ள ஆண் பெண் பிள்ளைகள் யாவருக்கும் கல்வியைக் கட்டாயமாக்கினார். இடாப்புகள் நிறைந்தன. நிறைந்த இடாப்புகளோடு ஆசிரியர்களுக்குப் புதிய கவலையொன்றும் பிறந்தது. ஐம்பது அறுபது பிள்ளைகள் கொண்ட வகுப்பிலே இரண்டொருவர் எவ்வளவு கற்பித்தும் எழுத்தறியாது இருந்தனர். அவர்கள் ஒரே வகுப்பிலே மூன்றாண்டு நான்காண்டு தங்கினர். சிலர் வாளா இருந்தனர். சிலர் வகுப்பைக் குழப்பினர். இவர்கள் ஏன் இப்படி ஆயினர், இனி எப்படி ஆவர் என்று உறுதியாகச் சொல்ல வல்லார் ஒருவரும் இல்லை.

தவறிய பிள்ளையை என்ன செய்வது என்ற வினாவுக்கு அக்காலத்தில் வழங்கிய விடை பெரும்பாலும் தண்டனையே. பிள்ளைக்குப் பிரம்பு, பாடசாலைக்கு அபராதம். இங்கிலாந்திலே ரொபேட் லோ என்பவர் 1862ஆம் ஆண்டில் வகுத்த விதியின்படி, வித்தியாதரிசி வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகிய மூன்றிலும் சோதிப்பார். ஒரு பாடத்தில் ஒரு பிள்ளை தவறினால் அரசாங்க நன்கொடையில் 2 சிலிங் 8 பென்ஸ் குறையும். இலங்கையிலும் 1869ஆம் ஆண்டில் பொதுப் போதனாப் பகுதி நிறுவப்பெற்றதை அடுத்து, உதவி பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றை அளந்து பணம் கொடுக்கும் இம்முறையே புகுத்தப்பட்டது. இதன் பயன் என்னவென்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. மெல்லக் கற்கும் பிள்ளை பாடசாலைக்குப் பண நட்டமாயினான். ஒரே வாசிப்புப் புத்தகத்தை ஆண்டு முழுவதும் உருப்போட்ட பிள்ளைகள், அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் தவறின்றி ‘வாசித்தார்கள்’ என்று சொல்லப்படுவதுண்டு. புலவரும் வித்தியாதரிசியுமான மாத்யூ ஆர்னல்ட் இம்முறையை வன்மையாகக் கண்டித்தார். ஆயினும் இங்கிலாந்தில் அது முற்றாக ஒழிய முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றது. தவறியதற்கு விலை குறித்த அவ்விதி, எதனால் தவறினான் என்று ஒருபோதும் கேட்டதில்லை.

அக்கேள்வியைப் பொறுமையோடு கேட்டவர் அல்பிரட் பினே என்னும் பிரான்சியர். 1857ஆம் ஆண்டில் நீஸ் நகரிற் பிறந்தவர். சட்டம் படித்து, அதனை விட்டு, நூல்நிலையத்தில் இருந்து உளவியல் நூல்களைத் தாமே வாசித்துத் தேர்ந்தவர். இளமையில் அவர் பாரிசிலுள்ள சல்பேத்திரியேர் வைத்தியசாலையில், புகழ்பெற்ற வைத்தியர் சார்கோவின் கீழ் வேலை செய்தார். அறிதுயிலில் ஆழ்ந்த நோயாளரின் உணர்ச்சிகளைக் காந்தத்தினால் இடம் மாற்றலாம் என்று அங்கே அவரும் நண்பர் ஒருவரும் எழுதினர். பெல்ஜியத்து அறிஞர் டெல்பேஃப் அச்சோதனைகளை ஆராய்ந்து, நோயாளர் சோதிப்பவரின் எண்ணத்தை அறிந்து அதற்கேற்ப நடந்தனரேயன்றிக் காந்தம் யாதும் செய்யவில்லை என்று காட்டினார். பினே சிலகாலம் வாதாடினார். பின்பு தம் பிழையை ஒப்புக்கொண்டார். சோதிப்பவன் தான் காண விரும்புவதையே காண்பான் என்னும் அச்சம் அன்று முதல் அவரை விட்டு நீங்கவில்லை. அவருடைய பிற்கால வேலையின் சிறப்பெல்லாம் அந்த அச்சத்தினின்றே வந்தது என்று சொல்லுதல் மிகையாகாது.

வைத்தியசாலையை விட்ட பின்னர் வீட்டிலிருந்த இரு பெண்மக்கள் அவருக்குப் பாடநூல் ஆயினர். ஒருத்தி நிதானமும் ஊன்றிய கவனமும் உடையவள். மற்றவள் சிரிப்பும் துள்ளலும் கற்பனையும் உடையவள். ஒரே கூரையின் கீழ் ஒரே தாய்தந்தையரிடம் வளர்ந்த இருவர் ஒரு வினாவுக்கு இரு வேறு வழியாக விடை தேடுவதை ஆண்டுக்கணக்கிற் குறித்து வைத்து, 1903ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அதற்கு முன்னரே, 1894ஆம் ஆண்டில், சோர்போன் கலாசாலையின் உளவியற் கூடத்துக்கு அவர் தலைவராகியிருந்தார். அறிவை அளக்கத் தலையை அளந்தாற் போதும் என்பது அக்காலத்து அறிஞர் பலருடைய கொள்கை. பினேயும் அளவுகருவியை எடுத்துக்கொண்டு பாடசாலைகளுக்குச் சென்றார். கெட்டிக்காரர் என்றும் மந்தர் என்றும் ஆசிரியர்கள் பிரித்துக் காட்டிய பிள்ளைகளின் தலைகளை வரிசையாக அளந்தார். கிடைத்த வேற்றுமை ஒரு மில்லிமீற்றர் அளவு. அதுவும் மெய்தானோ என்று அவர் ஐயுற்றார். கெட்டிக்காரன் தலை பெரிதாயிருக்கும் என்று முன்னமே நம்புகிறவனுடைய கை, அவனறியாமலே கருவியைச் சற்றுத் தளர்த்திப் பிடிக்குமன்றோ? தம்மையே சோதித்துப் பார்த்தார்; ஐயம் மெய்யாயிற்று. அந்த வழியைக் கைவிட்டார். மூன்றாண்டு உழைப்பைப் பயனற்றதென்று அச்சிலே சொல்லும் துணிவு ஆராய்ச்சியாளர் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

ஆசிரியர்களும் அறிஞர்களும் சேர்ந்து 1899ஆம் ஆண்டிற் பிள்ளைகளை ஆராய்வதற்கு ஒரு சங்கம் அமைத்தனர். பினே அதில் முன்னின்று உழைத்தார். அச்சங்கத்தார் இடையறாது வற்புறுத்தியதனால் 1904ஆம் ஆண்டிற் கல்வி அமைச்சு, லியோன் பூர்ஷ்வா என்பவரின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. சாதாரண வகுப்பிற் பயன்பெற முடியாத பிள்ளைகளுக்கு எவ்வகைக் கல்வி கொடுப்பது என்பதே குழுவுக்கு இட்ட வேலை. தக்கவாறு சோதியாமல் எந்தப் பிள்ளையையும் சாதாரண பாடசாலையினின்று நீக்கலாகாது என்று குழு முடிவு செய்தது. நல்ல முடிவு. ஆனால் சோதிப்பது எங்ஙனம்?

வைத்தியரைக் கேட்கலாம் என்றால், ஒரே பிள்ளைக்குச் சில நாள் இடைவெளியில் வெவ்வேறு வைத்தியர் வெவ்வேறு பெயரிட்டுச் சான்று எழுதியிருந்ததைப் பினே கண்டார். ஆசிரியரைக் கேட்கலாம் என்றால், குழப்படிக்காரன் ஒருவன் வகுப்பைவிட்டுத் தொலைந்தால் நிம்மதி என்று எண்ணும் ஆசிரியரும் உண்டு; பெற்றோரின் மனம் நோகும் என்று உண்மையை மறைக்கும் ஆசிரியரும் உண்டு. பெற்றோரோ, சிலர் குறையை ஒளிப்பர். உணவும் உறைவிடமும் கிடைக்கும் விடுதியிற் சேர்ப்பதற்காகச் சிலர் குறையைப் பெருக்கியும் சொல்வர். பினே இவர்களில் எவரையும் பழித்தாரல்லர். மனிதர் நலம் நாடுவது இயல்பு. ஆகவே ஒரு சிறுவனின் வாழ்வை எவர் நலத்துக்கும் உட்படாத ஒரு சோதனையின் மீது நிறுத்தல் வேண்டும் என்றார்.

அவரும், மனநோய் விடுதியொன்றிற் பணியாற்றிய இளம் வைத்தியர் தியோடோர் சிமோனும் சேர்ந்து 1905ஆம் ஆண்டில் 30 சோதனைகள் கொண்ட ஒரு படிவரிசையை வெளியிட்டனர். எரியும் தீக்குச்சியைக் கண்ணாற் பின்தொடர்தல் முதற்படி. படத்திலுள்ள பொருள்களைச் சுட்டுதல், சொல்லிய இலக்கங்களைத் திருப்பிச் சொல்லுதல், இரு கோடுகளில் நீண்டதைக் காட்டுதல், பெட்டிகளைப் பாரவரிசைப்படி அடுக்குதல் என்று ஏறிச்சென்று, கருத்துச் சொற்கள் இரண்டின் வேற்றுமையை விளக்குதல் வரை அது செல்லும். 1908ஆம் ஆண்டில் இதனைத் திருத்தி, 3 வயது முதல் 13 வயது வரை, இவ்வயதுப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் இவற்றைச் செய்வர் என்று வயதுவாரியாக வகுத்தனர். எட்டு வயதுச் சிறுவன் ஆறு வயதுக்குரியனவற்றை மாத்திரம் செய்வானாயின், அவன் இரண்டாண்டு பின்தங்கினான் என்பது பொருள்.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை நேயர்கள் கவனித்தல் வேண்டும். இச்சோதனைகளில் வாசிப்பும் எழுத்தும் இயன்றவரை விலக்கப்பட்டன. பாடசாலையிற் கற்றவற்றைச் சோதிக்கும் வினாத்தாள் ஒன்றையும் பினே தம் துணைவரோடு தனியே அமைத்திருந்தார். இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்கும்போதுதான் காரணம் வெளிப்படும். பாடத்திற் பின்தங்கி, அறிவுச் சோதனையிலும் பின்தங்கிய பிள்ளை ஒரு வகை. பாடத்திற் பின்தங்கியும் அறிவுச் சோதனையில் வயதுக்கேற்ற நிலையில் நிற்கும் பிள்ளை வேறொரு வகை. இவனுக்கு மூளையிற் குறை இல்லை. குறை வேறெங்கோ இருக்கிறது. அதனைத் தேடுதல் ஆசிரியர் கடன். நோயினாலோ வேலையினாலோ பாடசாலைக்கு வராத மாதங்களைக் கழித்தே ஒரு பிள்ளையின் பிற்பாட்டைக் கணக்கிட வேண்டும் என்றும் அவர் விதித்தார். 9 வயதுக்கு உட்பட்டவன் இரண்டாண்டும், அதற்கு மேற்பட்டவன் மூன்றாண்டும் பின்தங்கினாலன்றி அவனைச் சோதனைக்கும் கொண்டுவர வேண்டுவதில்லை என்றார்.

சோதனையை நடத்தும் முறையிலும் அவர் மிகக் கண்டிப்பானவர். அமைதியான அறை வேண்டும். பிள்ளையை அன்போடு வரவேற்றல் வேண்டும். அஞ்சுகிறவனை முதலிலே தேற்றல் வேண்டும். விடை சரியோ பிழையோ என்று முகத்திற் காட்டலாகாது, முயற்சியைப் பாராட்டலாம். உடன் நிற்பவர் குறிப்பாற்கூட உதவுதல் ஆகாது. காந்தத்தாலும் தலையளவாலும் ஏமாந்தவர் எழுதிய விதிகள் அல்லவா!

1905ஆம் ஆண்டு முதல், பாரிசு நகரத்துத் தொழிலாளர் வட்டாரமொன்றில், கிறாஞ்ச்-ஓ-பெல் வீதியிலுள்ள ஆரம்பப் பாடசாலையில் அவர் ஓர் ஆராய்ச்சிக் கூடம் நடத்தினார். பாடசாலைத் தலைமையாசிரியர் வனே அவருக்கு உற்ற துணையாயிருந்தார். சுவரில் எழுத்தட்டையைத் தொங்கவிட்டு, குறித்த தூரத்திற் பிள்ளையை நிறுத்தி, ஆசிரியரே பார்வையைச் சோதிக்கும் எளிய முறையை அங்கே வகுத்தனர். கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரியும் சிறுவன் கவனமற்றவன் என்றும் சோம்பேறி என்றும் பெயரெடுத்துப் பின் பெஞ்சுக்கு அனுப்பப்படுகிறான். பின் பெஞ்சிலிருந்து அவனுக்கு எழுத்தே தெரிவதில்லை. அவனுக்கு வேண்டியது முன்வரிசையும் ஒரு மூக்குக்கண்ணாடியும். இதனை அறிய உளவியற் புலமை வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்பதே விடை. ஆனால் அதுவரை யாரும் பார்க்கவில்லை.

உண்மையாகவே அறிவிற் பின்தங்கிய பிள்ளைகளுக்காகப் பாரிசில் 1907ஆம் ஆண்டளவில் தனி வகுப்புகள் தொடங்கின. அங்கு நடந்த பயிற்சிகளை ‘உளத்தை நிமிர்த்தும் சிகிச்சை’ என்னும் கருத்துப்படப் பினே அழைத்தார். வளைந்த முதுகெலும்பை அப்பியாசத்தினால் நிமிர்த்துவது போலக் கவனம், ஞாபகம், மனவுறுதி ஆகியவற்றையும் நிமிர்த்தலாம் என்பது அவர் கருத்து. முதலாவது பயிற்சி சிலை விளையாட்டு. ஆசிரியர் சைகை காட்டியதும் எல்லாரும் இருந்தது இருந்தபடி அசையாது நிற்றல் வேண்டும். விளையாட்டுப் போலத் தோன்றினும், ஒரு நிமிடம்கூட அடங்கியிராத பிள்ளைகளுக்கு அது பெரும் வெற்றி. அடுத்தது, விளிம்புவரை நீர் நிரம்பிய கிண்ணத்தை ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குச் சிந்தாமற் கொண்டுபோதல். பின்னர், பொருள்கள் பல ஒட்டிய அட்டையைச் சில விநாடி காட்டி மறைத்து, கண்டவற்றை எழுதச் செய்தல். இவ்வகுப்பைப் பார்க்க வந்த பிரதிநிதிகள் சபை அங்கத்தவர் சிலர், தாங்களும் அவ்வட்டைச் சோதனையைச் செய்து பார்த்தனர். அவர்கள் நினைவிற் கொண்டவை ‘மந்தப்’ பிள்ளைகள் நினைவிற் கொண்டவற்றிலும் குறைவு. வகுப்பில் எழுந்த சிரிப்பைப் பினே மகிழ்ச்சியோடு குறித்து வைத்திருக்கிறார்.

முதலிற் கற்கக் கற்பித்தல், பிறகு பாடம் என்பதே அவருடைய முறை. 1909ஆம் ஆண்டில் அவர் எழுதிய பிள்ளைகளைப் பற்றிய நூலில், மனிதனுடைய அறிவு பிறப்பிலே அளந்து வைக்கப்பட்டது, கூட்டவோ குறைக்கவோ முடியாது என்போரைக் கொடிய அவநம்பிக்கையாளர் என்று சாடுகிறார். தம் இளமைக் கதை ஒன்றையும் அங்கே சொல்கிறார். பரீட்சையில் ஒரு கிரேக்க ஞானியின் பெயரைத் தவறாகச் சொன்னதற்காக, உனக்குத் தத்துவ அறிவு ஒருநாளும் வராது என்று பரீட்சகர் ஒருவர் அவரிடம் கூறிவிட்டாராம். ‘ஒருநாளும்’ என்ற அச்சொல் எவ்வளவு பெரிய சொல் என்று, முப்பது ஆண்டு கழிந்தும், அவர் வியக்கிறார். மாணாக்கர் முன் அச்சொல்லை வழங்கியோர் எல்லா நாட்டிலும் உண்டு.

அதே ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் பிரான்சிற் தனி வகுப்புகளுக்கான சட்டம் நிறைவேறியது. விரும்பிய நகரசபைகள் அமைக்கலாம் என்றதேயன்றி அமைத்தே தீரல் வேண்டும் என்று அது விதிக்கவில்லை. ஆகவே வகுப்புகள் மிக மெதுவாகவே பெருகின. 1910ஆம் ஆண்டில் பிரசல்ஸ் நகரத்து வைத்தியர் டெக்றொலி, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கற்கும் பாடசாலையொன்றில் இவ்வளவுகோலைப் பயன்படுத்தினார். அவர்கள் பாரிசுத் தொழிலாளர் பிள்ளைகளிலும் ஓராண்டுக்கு மேல் முன்னேறி நின்றனர். பினே இதனை மறைக்கவில்லை. எந்தச் சோதனைகளிலே வேற்றுமை மிகுந்தது என்று ஆராய்ந்து, வீட்டிற் கேட்கும் பேச்சு வளமே சொற்களைப் பற்றிய சோதனைகளில் ஏழைப் பிள்ளையைப் பின்னிறுத்துகிறது என்று கண்டார். அளவுகோலே வீட்டுச் செல்வத்தையும் ஓரளவு அளக்கிறது என்பதை அதனைச் செய்தவரே எழுதி வைத்தார். மறுவருடம், 1911 ஒக்டோபரில், 54 வயதில் அவர் இறந்தார்.

அளவுகோல் கடல் கடந்தது. நியூ ஜேர்சி மாநிலத்திலே வைன்லன்ட் என்னுமிடத்தில் மனவளம் குன்றியோர் பாடசாலையில் ஆராய்ச்சி நடத்திய ஹென்றி கொடார்ட், 1908ஆம் ஆண்டில் அதனை ஐரோப்பாவிற் கண்டு மொழிபெயர்த்தார். ஜேர்மன் அறிஞர் வில்லியம் ஸ்ரேர்ண் 1912இல், உளவயதை மெய்வயதாற் பிரித்து ஓர் ஈவாக்கலாம் என்றார். கலிபோர்ணியாவில் லூவிஸ் டேர்மன் 1916இல் அதனை நூறாற் பெருக்கி ‘நுண்மதி ஈவு’ என்று பிரசித்தம் செய்தார். எந்தச் சோதனையிலே தவறினான், எப்படித் தவறினான் என்னும் விபரமெல்லாம் மறைந்து, பிள்ளையின் நெற்றியில் ஓர் எண் மாத்திரம் எஞ்சியது. கிண்ணமும் சிலை விளையாட்டும் எழுத்தட்டையும் பாரிசிலேயே தங்கிவிட்டன. இந்த ஈவினைச் சிமோன் பின்னாளிலே தம் நோக்கத்துக்கு இழைத்த துரோகமாகவே கருதினார்.

அமெரிக்கர் எல்லாரும் இவ்வழிச் சென்றாரல்லர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். 1909ஆம் ஆண்டில் லெனட் அயர்ஸ் என்பவர் நகரப் பாடசாலைகளின் இடாப்புகளை ஆராய்ந்து, வயதுக்குரிய வகுப்பில் இல்லாத பிள்ளைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அவ்வாறு பின்தங்கி இருந்தனர். வரவுக் குறைவு, பிந்திச் சேர்தல், நோய், உடற்குறை எனக் காரணங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்த அவர், பாடத்திட்டமே சாதாரண பிள்ளைக்காக அமையாமல் மிகக் கெட்டிக்காரனுக்காக அமைந்துவிட்டது என்று முடித்தார். மூன்றில் ஒரு பங்கினர் தவறும் பாடசாலையில், ஆராயவேண்டியது பிள்ளையை மாத்திரமா? அவருடைய புள்ளிவிபரத்தினும், ஒரு பிள்ளையை ஒரு மணி நேரத்தில் அளந்துவிடும் சோதனை மக்களைக் கவர்ந்தது.

நியூயோர்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில், 1913ஆம் ஆண்டில், கப்பலால் இறங்கிய ஏழைக் குடியேறிகளைக் கொடார்ட்டின் உதவியாளர் சோதித்தனர். பல நாட் கடற்பயணம், அறியாத மொழி, நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர். நான் இந்நாட்டுக்கு வந்த பொழுதில் என்னாலும் இதைச் செய்திருக்க முடியாதே என்று அம்மொழிபெயர்ப்பாளரே ஒருமுறை முறையிட்டார். முறையீடு ஏற்கப்படவில்லை. தெரிந்தெடுத்துச் சோதித்தோரில் ஐந்தில் நான்கு பங்கு அளவினர் மனவளம் குன்றியோர் என்று 1917இல் அறிக்கை வந்தது. பத்தாண்டுக்குப் பின் கொடார்ட் தம் கருத்துகள் சிலவற்றை மாற்றிக்கொண்டார் என்பது உண்மை. அதற்குள் அவற்றை நம்பியோர் வெகுதூரம் சென்றுவிட்டனர்.

எவ்வளவு தூரம் என்பதை வேர்ஜினியா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்குக் காட்டும். கரி பக் என்னும் இளம்பெண் மனவளம் குன்றியோர் விடுதியில் அடைக்கப்பட்டிருந்தாள். டேர்மனின் சோதனைப்படி அவள் உளவயது ஒன்பது என்று தீர்க்கப்பட்டது. அவளுடைய தாயும் அதே விடுதியில் இருந்தாள். கைக்குழந்தையான அவள் மகள் விவியன், சில மாதமே நிரம்பிய பருவத்தில், சமூக சேவகி ஒருத்தியின் கண்ணுக்கு இயல்பான குழந்தையாகத் தோன்றவில்லை. அந்தச் சாட்சியத்தையும் சேர்த்து, இக்குறை பரம்பரையாக வருவது என்று கொண்டு, அவளை மலடாக்கும் சட்டம் செல்லும் என 1927ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நிறைவேற்றப்பட்டது.

பல்லாண்டு கழித்து ஆராய்ச்சியாளர் பழைய பாடசாலைப் பதிவுகளைத் தேடி எடுத்தனர். கரி பக் சிறுமியாக இருந்தபோது பாடசாலையில் ஒழுங்காக வகுப்பேறிய பிள்ளை. ஆசிரியர் அவளுடைய படிப்பையும் நடத்தையையும் மிக நன்று என்று எழுதியிருந்தனர். வளர்த்த வீட்டார் வேலைக்காக அவளை மறித்துவிட்டதனாலே படிப்பு நின்றது. அவள் மகள் விவியனும் பாடசாலைக்குச் சென்றாள். அச்சிறுமியின் தேர்ச்சி அறிக்கைகளும் கிடைத்தன. நடத்தைக்கு நல்ல புள்ளி, பாடங்களில் நடுத்தரம், ஒருமுறை கணக்கிலே தவறி அடுத்த தவணையில் தேறினாள். 1931ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வகுப்பின் சிறப்புப் பட்டியலிலே அவள் பெயர் இருந்தது. மறுவருடம், எட்டு வயதில், நோய்வாய்ப்பட்டு இறந்தாள். நாட்டின் உயர் நீதிமன்றம் முன்னுரைத்த தோல்வியை ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையின் தேர்ச்சி அறிக்கை மறுத்துக் கிடந்தது. அதனை எடுத்துப் பார்ப்பார் அரை நூற்றாண்டாக இல்லை.

இனி, பாரிசிலே கிறாஞ்ச்-ஓ-பெல் வீதிப் பாடசாலைக்குத் திரும்புவோம். பினே இறந்து எட்டாண்டுகளின் பின், 1919இல், சுவிற்சலாந்திலிருந்து இருபத்துமூன்று வயதுடைய ஜான் பியாஜே என்னும் இளைஞர் பாரிசுக்கு வந்தார். பினேயின் ஆராய்ச்சிக் கூடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே பிள்ளைகளுக்குச் சில தருக்க வினாக்களைக் கொடுத்து, எந்த வயதில் எத்தனை பேர் சரியாக விடையளிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலையைச் சிமோன் அவருக்குக் கொடுத்தார். வினாக்கள் லண்டனிலே சிறில் பேர்ட் என்பவர் அமைத்தவை. வேலை எளிது, சரியான விடைக்கு ஒரு புள்ளி, தவறான விடைக்குச் சுழியம்.

பியாஜேக்குச் சில நாளிலே அது சலித்தது. சரியான விடைகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. தவறான விடைகளே அவருக்கு வியப்பளித்தன. ஏழு வயதுப் பிள்ளைகள் பலர் ஒரே வினாவில், ஒரே வகையிலே தவறினர். அப்படியானால் அத்தவற்றுக்குள்ளே ஏதோ ஓர் ஒழுங்கு இருத்தல் வேண்டும். புள்ளித்தாளை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு பேசத் தொடங்கினார். நீ ஏன் அப்படி நினைத்தாய், இதை இப்படி மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டார். சொல்லுவதைக் குறுக்கிடாது கேட்டு எழுதிக்கொண்டார். இவ்வாறு ஏறத்தாழ இரண்டாண்டு, பிற்பகல் தோறும், அந்தத் தொழிலாளர் வட்டாரத்துப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, தங்கள் பிழையான விடைகளுக்குக் காரணம் சொன்னார்கள்.